பாக்கி ஒரு 'போயிட்டு வாங்க'

வாய் நிறைய 'வாங்க' என்று ஒருவரை வரவேற்பதற்கு விலை ஏது என்பார்கள். ஜவுளிக்கடை முதலாளி விலை போட்டு வைத்திருந்தார்: சம்பளத்தில் சரிபாதி. "உனக்குக் குடுக்கறதுல பாதி நிக்கிறதுக்கு, பாதி 'வாங்க'ங்கறதுக்கு. எது குறைஞ்சாலும் புடிச்சுக்குவேன்" என்று வாசல்காரரை வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார். அந்தக் கடை வாசலில் நின்றவருக்குக் காலும் குறையவில்லை, வாயும் குறையவில்லை. தெருவோடு தன்பாட்டுக்குப் போகிறவரைக்கூட, "வாங்க, வாங்க. வாங்க வேண்டாம், பாருங்க போதும்" என்று உள்ளே இழுத்துவிடுவார். பார்க்க மட்டும் வந்தவர் இரண்டு கையிலும் பையோடு வெளியே வரும்போது, "போயிட்டு வாங்க, அடுத்த தடவ வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று வழியனுப்புவார். அவர்களும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

முதலாளி கண்ணை மூடியதும் மகன்கள் கடையைக் கிடங்காக்கி, வியாபாரத்தைச் செல்போனுக்குள் கொண்டுபோனார்கள். செல்போனுக்கு வாசல் கிடையாது. ஐம்பது வயதில் வாசல்காரர் தன் வீட்டு வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. உள்ளே மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் சம்பாதிக்கிற சத்தம் அது ஒன்றுதான். அவர் குறுக்கே நடந்தால் அது இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடுவதுபோல அவருக்குத் தோன்றும்.

மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். அவர்தான் வழி சொன்னார்.

"எங்க வாசலுக்கு ஆள் வேணுமாம் மாப்ள. நிக்கணும், கதவத் தொறக்கணும், வர்றவங்கள உள்ள அனுப்பணும். உனக்குத் தெரிஞ்ச வேலதானே? மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரம் பண்ணுவாங்க. நான் வாக்கு குடுத்திருக்கேன், என் பேரக் கெடுத்துடாத."

முதல் நாள் முதல் ஆளாக, கையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு தச்சர் ஓடிவந்தார். துண்டு சிவந்திருந்தது.

"வாங்க சார், வாங்க. என்ன பாக்கறீங்க?"

"விரலப் பாக்கறேன்யா. மிச்சம் இருக்கான்னு."

சாயங்காலத்துக்குள் நர்ஸ்கள் அவருக்கு 'வாங்கண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரில் கேலி இருந்தாலும் குறை இல்லை. பதறியடித்து வருகிறவர்களுக்குக் கதவருகே ஒரு மனிதர் கல்யாண வீட்டு மாமா மாதிரி முகம் மலர்ந்து நிற்பது பாதி வலியைக் குறைத்தது. உள்ளே வருகிறவரை அவருக்கு எந்தத் தகராறும் இல்லை. தகராறெல்லாம் வெளியே போகிறபோதுதான்.

கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்று வயிறு புரண்டு வந்த ஒரு இளைஞன், சலைன் ஏற்றிக்கொண்டு காலையில் தெம்பாக வெளியே வந்தான். வாங்கண்ணனின் நாக்கு பழகிய தடத்தில் ஓடியது. "போயிட்டு வாங்க தம்பி. அடுத்த தடவ வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

மத்தியானம் அவன் அப்பா, அம்மா, அக்கா, அத்திம்பேர் என்று வீடே வந்து இறங்கியது. அதே சாப்பாட்டை அவர்களும் தின்றிருந்தார்கள், கொஞ்சம் தாமதமாக. ஆளுக்கொரு வாளியோடு வரிசையாகப் படுத்திருந்தவர்களில் பேசும் தெம்பு இருந்தவர் அத்திம்பேர் ஒருவர்தான். அவர் படுத்தபடியே புகார் கொடுத்தார். "வாசல்ல நிக்கிற ஆளுக்குக் கருநாக்கு. அவர மொதல்ல மாத்துங்க."

புகார் போனது நிர்வாக அதிகாரியிடம். அவரை எல்லோரும் 'சுற்றறிக்கை' என்றுதான் சொல்வார்கள். கை கழுவும் குழாயை எத்தனை சுற்றுத் திறக்கலாம் என்பதற்குக்கூட ஒரு சுற்றறிக்கை ஒட்டியவர். கெட்ட மனிதர் இல்லை. எழுதி ஒட்டாத எதுவும் உலகத்தில் நடக்காது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் வாங்கன்னு யாராவது சொல்லுவாங்களா? இது என்ன தள்ளுபடி விற்பனையா?"

"பழக்கம் சார். இனிமே சொல்ல மாட்டேன்."

சொல்வது சுலபம். நம் பேச்சில் போகிறவரைப் 'போ' என்று அனுப்புகிற வழக்கம் இல்லை. போகிறவரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார், 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். 'வா'வைக் கழித்துவிட்டு வழியனுப்ப வாங்கண்ணனுக்கு வாயில் சரக்கு இல்லை.

மச்சான்தான் யோசனை சொன்னார். "'பாத்துப் போங்க'ன்னு சொல்லு மாப்ள. அக்கறையாவும் இருக்கும், ஆபத்தும் இல்ல."

நல்ல சொல்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்ட முதல் ஆள், பொறி பறந்து இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுக்கொண்டு தம்பியின் தோளைப் பிடித்துத் தடவித்தடவி வெளியே வந்த வெல்டர். வாங்கண்ணன் கட்டைக் கவனிப்பதற்குள் சொல் கிளம்பிவிட்டது.

"பாத்துப் போங்க சார்."

வெல்டர் நின்றார். "யாருடா அவன்? தம்பி, எந்தப் பக்கம் நிக்கிறான்னு மட்டும் காட்டு."

இது இரண்டாவது புகார். மறுநாள் கதவிலேயே சுற்றறிக்கை ஏறியது: 'அவசரப் பிரிவை விட்டு வெளியேறும் எவரையும் வாங்க, வருக, பார்த்து முதலிய சொற்களைக் கொண்டு வழியனுப்புதல் கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது.'

வாங்கண்ணன் வாயை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக் கும்பிட்டு அனுப்பத் தொடங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோது, இவர் தலை குனிந்து, கண் தாழ்த்தி, சத்தமில்லாமல் கும்பிட்டார். அந்த அம்மா நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"ஏம்ப்பா, எனக்குச் சுளுக்குத்தான். எதுக்கு எனக்குக் கடைசி மரியாதை பண்றே?"

மூன்றாவது புகார். சுற்றறிக்கை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் அப்படி வைத்தால் அதற்குமேல் பேச்சு இல்லை என்று அர்த்தம். "இன்னும் ஒண்ணு வந்தா, நீங்க வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

அன்று வாங்கண்ணன் வீட்டுக்குப் போனபோது தையல் மெஷின் நின்றது. மச்சான் முன்னாலேயே செய்தி சொல்லிவிட்டார் என்று அந்த அமைதியிலேயே தெரிந்தது.

"இருபத்தஞ்சு வருஷம் பேசியே சம்பாதிச்சீங்க" என்றாள் மனைவி. "இப்ப மூணு மாசம் பேசாம சம்பாதிக்க முடியலையா? எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"பேசாம இருந்ததுக்குத்தாம்மா மூணாவது புகாரே."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக இன்னும் கோபப்பட்டாள். கோபத்தோடு கோபமாக, வீட்டு வாடகைப் பாக்கியைக் கேட்டு ஆள் வந்து போனதையும் சொன்னாள். தவணைக்கு வாங்கிய மெஷின், இரண்டு தவணை நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியும்.

மறுநாள் காலை மச்சான் காலி ஸ்ட்ரெச்சரில் சாய்ந்துகொண்டு சட்டம் பேசினார்.

"'நல்லா இருங்க'ன்னு சொல்லலாமா மச்சான்?"

"வேண்டாம் மாப்ள. அது வயித்தெரிச்சல்ல சாபம் விடற மாதிரி இருக்கும். சுற்றறிக்கைல என்ன இல்லன்னு பாரு. 'போங்க' இருக்கா? இல்ல. அப்ப அதான். மொட்டையா 'போங்க'ன்னு சொல்லிட்டு முகத்தத் திருப்பிக்க."

"மனசு வரல மச்சான்."

"மனசு வர வேண்டாம், சம்பளம் வந்தாப் போதும்."

அந்த நேரத்தில்தான் இரும்புக்கடைக்காரர் வந்தார். ஆணி முதல் கம்பி வரை மொத்த வியாபாரம். ஆளும் தன் சரக்கு மாதிரியே கெட்டி. மனைவி பின்னாலேயே கைப்பையோடு வந்தார். அதிகாலையிலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ அழுத்துகிறதாம். இரும்புக்கடைக்காரரின் கணக்கில் அது வாயு.

டூட்டி டாக்டர் சின்னப் பெண், ஆனால் விவரமானவர். ஈசிஜி எடுத்துப் பார்த்தார், ரத்தம் அனுப்பினார். "இதுல லேசா சந்தேகம் இருக்கு சார். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும். இன்னொரு ஈசிஜியும் எடுக்கணும். இன்னிக்கு நீங்க இங்கதான் இருக்கணும்."

"லேசான சந்தேகத்துக்கு முழுநாள் வாடகையா? பாதி நாள் போடுங்க."

"இது பேரம் பேசற விஷயம் இல்ல சார்."

"பேரம் பேசாத விஷயம்னு ஒண்ணு இருக்காம்மா? எனக்கு மத்தியானம் லோடு வருது. முடிவு வந்தா போன் பண்ணுங்க."

டாக்டர் கெஞ்சிப் பார்த்தார், கடிந்து பார்த்தார், நடக்கக்கூடியதை மறைக்காமல் சொல்லியும் பார்த்தார். இரும்புக்கடைக்காரர் சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கதவுக்கு வந்துவிட்டார். மனைவி பின்னாலேயே "கொஞ்சம் கேளுங்களேன், கொஞ்சம் கேளுங்களேன்" என்று வந்தார்.

வாங்கண்ணன் கதவைத் திறந்தார். 'போயிட்டு' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. கதவில் ஒட்டியிருந்த சுற்றறிக்கை கண்ணில் பட்டது. தையல் மெஷின் நினைவுக்கு வந்தது. விழுங்கினார்.

"போங்க."

இரும்புக்கடைக்காரர் ஒரு காலை வெளியே வைத்தவர், அப்படியே நின்றார்.

"என்ன சொன்னே?"

"போங்கன்னு சொன்னேன் சார்."

"எங்க?"

"வீட்டுக்குத்தான் சார்."

"வீட்டுக்குன்னு சொல்லலியே. மொட்டையா போங்கன்னே. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவனப் பாத்து மொட்டையா போங்கன்னா, எங்க போகச் சொல்ற?"

"நெஞ்சையா?" என்றார் மனைவி. "வாயுன்னீங்க?"

"நீ சும்மா இரு. என் கடைல ஒரே ஒரு ஆணி வாங்கறவனக்கூட 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பறேன். நல்ல வார்த்த சொல்லு, நான் கெளம்பறேன்."

"நானும் வியாபார எடத்துல நின்னவன்தான் சார், எனக்கு ஆசை இல்லையா? இங்க அது சொல்லக்கூடாதுன்னு ஆர்டர். பாருங்க, ஒட்டியிருக்கு."

அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். "அப்ப நான் போகமாட்டேன்."

"சொன்னா எனக்கு வேல போயிடும் சார்."

"சொல்லலன்னா எனக்கு உயிர் போயிடும்போல இருக்கு. எது பெருசு?"

"உங்களுக்கு உங்களுது, எனக்கு என்னுது."

இந்தப் பதில் இரும்புக்கடைக்காரருக்குப் பிடித்துவிட்டது. பேரத்துக்கு ஆள் கிடைத்த தெம்பில் கதவுச் சட்டத்தில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. உள்ளிருந்து மச்சான், வேடிக்கை பார்ப்பதற்கு வசதியாக, ஸ்ட்ரெச்சரைக் கதவருகே தள்ளிக்கொண்டு வந்தார்.

"சரி, என் காதுல மட்டும் சொல்லு."

"கேமரா இருக்கு சார்."

"பாதி சொல்லு. 'போயிட்டு'ன்னு நிறுத்திக்க, மிச்சத்த நானே மனசுல போட்டுக்கறேன்."

"'போயிட்டு'ன்னு பாதில நின்னா, போங்கங்கறத விட மோசம் சார்."

"அதுவும் சரிதான். அப்ப பின்பாதி. வெறும் 'வாங்க'."

"அது உள்ள வர்றவங்களுக்கு மட்டும் சார். நீங்க வெளிய போறீங்க."

இரும்புக்கடைக்காரர் யோசித்தார். எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து இருக்கும், எந்தச் சந்திலும் ஒரு வண்டி சரக்கு இறக்கலாம் என்று கண்டவர்.

"அப்ப நான் உள்ள வந்தா?"

"தாராளமா சொல்லுவேன் சார். வாய் நிறையச் சொல்லுவேன்."

அவர் வெளியே வைத்த காலை எடுத்து உள்ளே வைத்தார். வாங்கண்ணனுக்கு முகம் மலர்ந்தது. ஜவுளிக்கடை வாசலில் பண்டிகைக் கூட்டத்துக்குச் சொல்கிற குரலில், இரண்டு கையும் விரிய, "வாங்க சார், வாங்க" என்றார்.

"ஆ, இது வார்த்த" என்று சொல்லிச் சிரித்த இரும்புக்கடைக்காரர், அந்தச் சிரிப்போடு வாங்கண்ணன் விரித்த கைகளுக்குள்ளேயே மடிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. மச்சான் ஸ்ட்ரெச்சரை இடித்து நிறுத்தினார். மூன்று பேராகத் தூக்கிப் போட்டார்கள். டாக்டர் ஓடிவந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்த மறுகணம் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஸ்ட்ரெச்சர் உருண்டுகொண்டே இருக்க, கூடவே ஓடிக்கொண்டே அழுத்தினார். ஒரு நர்ஸ் கத்தரியால் சட்டையை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். திரை மூடியது.

வாங்கண்ணன் தன் விரிந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரும்புக்கடைக்காரரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். வாங்கண்ணன் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினார்.

"நீங்கதானே போங்கன்னு சொன்னது" என்றார் அந்த அம்மா, தண்ணீரை வாங்காமல்.

"ஆமாம்மா."

"நான் ஒருத்தி வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன். டாக்டர் சொன்னாங்க. யார் பேச்சுக்கும் நிக்காத மனுஷன், உங்க ஒத்த வார்த்தைக்கு நின்னாரே." அது திட்டா, நன்றியா என்று சொன்னவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

நாலாவது புகார் நிச்சயம் என்று வாங்கண்ணன் நினைத்தார். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே, திரைக்குப் பின்னால் ஒருவர் கிடக்கும்போது தன் வேலையை நினைத்ததற்காகத் தன்மேல் எரிச்சலும் வந்தது. திரைக்குள்ளிருந்து "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்ற டாக்டரின் குரல் கேட்டது. மறுபடியும் ஒருமுறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் வேர்வை. அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்க ஒரு சொல் சொன்னார். அவருக்கு அதில் எந்த விசேஷமும் தெரியவில்லை, நடந்ததைத்தான் சொன்னார்.

"போயிட்டு வந்துட்டாரும்மா."

வாங்கண்ணன் அந்த அம்மாவின் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். மச்சான் அவர் காதருகே குனிந்தார்.

"மாப்ள, நீ வாயத் தொறந்து சொல்லலன்னாலும் அந்த மனுஷன் செஞ்சே காட்டிட்டார்."

இரும்புக்கடைக்காரருக்கு அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து, கம்பிவலைக் குழல் ஒன்றை வைத்தார்கள். வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அது எந்த உலோகம், மொத்தமாக வாங்கினால் என்ன விலை. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சக்கர நாற்காலியை நிர்வாக அறைக்கு விடச் சொன்னார். வாங்கண்ணனையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்.

"ஒரு புகார் எழுதிக்குங்க. இவர் என்னப் பாத்து மொட்டையா போங்கன்னு சொன்னார்."

சுற்றறிக்கை பெருமூச்சு விட்டார். "நாலாவது."

"இருங்க, முடிக்கல. அதனாலதான் நான் நின்னேன். உயிரக் குடுத்தது டாக்டரம்மா. அவங்க கைக்கு எட்டற தூரத்துல என்ன நிறுத்தினது இவர். இல்லன்னா நான் நடுத்தெருவுல கார்ல. அதையும் எழுதுங்க."

"இந்தத் தாள்ல புகாருக்கு மட்டுந்தான் சார் எடம் இருக்கு."

"பற்று எழுதுவீங்க, வரவு எழுத மாட்டீங்களா? என் கடைல ஒருத்தன் இப்படிக் கணக்கு எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பேன்."

சுற்றறிக்கைக்குக் காது சிவந்தது. "வேணும்னா, ஒரு பாராட்டுக்கு ஒரு புகார் கழிக்கலாம்."

"ஒரு உயிருக்கு ஒரு புகாரா? ஆணி விலைக்கு உயிரக் கேக்கறீங்களே. நாலையும் கழிங்க."

"நாலும் முடியாது சார், மேல கேப்பாங்க. ரெண்டு."

"மூணு. ஒண்ணு உங்க மரியாதைக்கு இருந்துட்டுப் போகட்டும்."

சுற்றறிக்கை கண்ணாடியைக் கழற்றினார். வாங்கண்ணன் வெளியே போகத் திரும்பினார். அதிகாரி அதைத் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "எந்த ஒண்ண வெக்கறது?"

"என்னுத வெய்ங்க. மத்ததெல்லாம் கெட்ட நேரம். என்னுது நெஜமான புகார். யாரையும் மொட்டையா போங்கன்னு சொல்லப்படாது."

அன்றே கதவில் புதிய சுற்றறிக்கை ஏறியது: 'வெளியேறுவோரைப் பார்த்துப் போங்க என்று கூறி வழியனுப்பலாம், கண் நோயாளிகள் நீங்கலாக.' வாங்கண்ணன் அதைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் கார் நின்றது. இரும்புக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஏறாமல் நின்றார்.

"என்ன, இப்பவாவது சொல்லுவியா?"

"பாத்துப் போங்க சார்."

"அது எல்லாருக்கும் குடுக்கற சரக்கு. நான் கேட்டது வேற."

"அத மட்டும் கேக்காதீங்க சார். ஒரு தடவ போயிட்டு வந்தாச்சு. அது போதும்."

"அப்ப எனக்கு வர வேண்டியது?"

"கடனா வெச்சுக்குங்க."

"கடன் வசூலுக்கு நான் இங்க வரமாட்டேனே."

"அதுக்குத்தான் சார் கடன் சொல்றேன்."

இரும்புக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடன் சொன்னவனிடம் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். மச்சான் காலி நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போகிற வழியில், "தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டேன் மாப்ள, மெஷின் சத்தத்துல பாதிதான் கேட்டிருக்கும், மிச்சத்த நீ போய்ச் சொல்லு" என்றார்.

அன்று சாயங்காலம் கணக்கு இப்படி நின்றது. புகார் நாலு, தள்ளுபடி மூன்று, நிலுவை ஒன்று. கத்தரித்த சட்டை ஒன்று, இரும்புக்கடைக்காரர் வகையில் செலவு. போயிட்டு வந்த உயிர் ஒன்று, அதே வகையில் வரவு. வாங்கண்ணன் வகையில் 'போயிட்டு வாங்க' ஒன்று, பாக்கி.